ஸ்க்ரிவனர்: கதையும் கதைத்திட்டமும் ஒரே கோப்பில்

ஸ்க்ரிவனர் என்ற எழுத்து மென்பொருளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் அதன் வசதிகளை வரிசையாக அடுக்கிவிட்டு முடிந்துவிடுகின்றன. வசதிகளுக்குக் குறைவில்லை, எல்லாவற்றையும் சொல்லப்போனால் கையேடுதான் எழுத வேண்டியிருக்கும். நான் இங்கே ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அதை எடைபோட விரும்புகிறேன். நாவல் அளவுக்கு நீளும் கதைக்குத் திட்டம் வகுக்கும்போது, எழுத வேண்டும் என்ற உந்துதல் அந்தத் திட்டத்திலேயே செலவாகிவிடாமல் இருக்க இந்த மென்பொருள் உதவுகிறதா, அல்லது அந்தச் செலவைக் கூட்டுகிறதா?

திட்டம் ஏன் உந்துதலைக் குறைக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். முப்பது அத்தியாயங்களிலும் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே விரிவாக எழுதியவர், கதையை ஒரு முறை சொல்லி முடித்துவிட்ட மனநிலைக்கு வந்துவிடுகிறார். அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவல் வாசகருக்கு மட்டுமல்லாமல் எழுதுபவருக்கும் வேண்டும், அது தீர்ந்த பிறகு மிஞ்சுவது நகலெடுக்கும் வேலைதான். சரி, திட்டமே வேண்டாம் என்று இறங்குபவரோ, தொடக்கத்தின் உற்சாகம் வடிந்த பிறகு, எந்தப் பாத்திரத்துக்கு எது தெரியும், எந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை என்பதே நினைவில் இல்லாமல் நடுப்பகுதியில் நின்றுவிடுகிறார். இவ்விரண்டும் பலரும் பேசுகிற சிக்கல்கள். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று உண்டு: திட்டம் ஒரு கோப்பிலும் கதை வேறு கோப்பிலும் இருப்பது. ஏழாம் அத்தியாயத்தில் கதை தானாகவே வேறு பக்கம் திரும்பும்; திட்டக் கோப்பு பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். அதை ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டிருந்தால் எழுத்தாளர் தம் கதைக்கே குமாஸ்தாவாகிவிடுகிறார்; திருத்தாமல் விட்டால் திட்டம் பொய்யாகிவிடுகிறது. கைவிடப்பட்ட கதைத்திட்டங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கைவிடப்படுகின்றன என்பது என் கணிப்பு.

ஸ்க்ரிவனர் உருவானதே இந்த அலுப்பிலிருந்துதான் என்று சொல்லலாம். நாவல் எழுத விரும்பிய கீத் பிளவுண்ட் என்ற ஆங்கிலேயர், தமக்குத் தேவையான கருவி கிடைக்காததால் அதைத் தாமே நிரல் எழுதி உருவாக்கினார். அவர் தொடங்கிய லிட்டரேச்சர் அண்ட் லாட்டே நிறுவனம் 2007-இல் மேக் கணினிக்கும், 2011-இல் விண்டோஸுக்கும், 2016-இல் ஐபோன், ஐபேடு கருவிகளுக்கும் இதை வெளியிட்டது. இன்று புழங்கும் மூன்றாம் பதிப்பு மேக்கில் 2017-இலும், நீண்ட காத்திருப்புக்குப் பிறகு விண்டோஸில் 2021-இலும் வந்தது. சந்தா கட்ட வேண்டியதில்லை. ஒரு முறை பணம் செலுத்தினால் போதும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் ஒரு நாவலுக்கு மாதாமாதம் வாடகை கட்டுவது எவருக்கும் கசக்கும் என்பதால் இது சிறிய விஷயம் அன்று.

மென்பொருளின் அடிப்படைக் கருத்து எளியது. இடப்பக்கத்தில் 'பைண்டர்' என்ற பட்டியல். அதில் கதை முழுவதும் காட்சி காட்சியாகத் துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைப்பும், சில வரிச் சுருக்கம் எழுத ஓர் அட்டையும், காட்சியின் முழு எழுத்தும் உண்டு. அட்டையும் காட்சியும் தனித்தனிப் பொருள்கள் அல்ல, ஒன்றின் இரு பக்கங்கள் என்பதுதான் இங்கே முக்கியம். 'கார்க்போர்டு' என்ற அட்டைப் பலகையில் ஓர் அட்டையை இழுத்து மூன்றாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்துக்கு நகர்த்தினால், அந்தக் காட்சியின் எழுத்தும் கூடவே நகர்ந்துவிடும். பைண்டரில் நகர்த்தினால் பலகையிலும் மாறும். திட்டமும் கதையும் பிரிந்து போவதற்கான வழி பெருமளவு அடைபடுகிறது. அட்டையில் உள்ள வரிகள் பழசாகிப்போகலாம். வரிசை ஒருபோதும் பழசாகாது.

எனினும், முதலில் அட்டைகளை எழுதி, பிறகு அவற்றை நிரப்ப வேண்டும் என்று இந்த மென்பொருளைப் புரிந்துகொள்பவர்கள் அதன் சிறந்த பயனைத் தவறவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். எதிர்த்திசையில் பயன்படுத்தும்போதுதான் இது உண்மையில் விளங்குகிறது. ஒரே துண்டில், தலைப்பும் சுருக்கமும் இல்லாமல், கதை எங்கே போகிறதோ அங்கே போய்க்கொண்டு நாலைந்து காட்சிகளைத் தொடர்ச்சியாக எழுதலாம். எழுதி ஓய்ந்த பிறகு, காட்சி மாறும் இடத்தில் சுட்டியை வைத்து, விண்டோஸில் கண்ட்ரோல் விசையுடனும் மேக்கில் கமாண்ட் விசையுடனும் கே விசையை அழுத்தினால், அந்த இடத்தில் துண்டு இரண்டாகப் பிரியும். இப்படி நாலைந்து வெட்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிச் சுருக்கம். திட்டம் தயார், அதுவும் நடந்து முடிந்ததைப் பற்றிய நேர்மையான திட்டம். வெட்டியது தவறென்று தோன்றினால் துண்டுகளை மீண்டும் இணைத்துவிடலாம். எழுதும் மனநிலையையும் ஒழுங்குபடுத்தும் மனநிலையையும் வெவ்வேறு பொழுதுகளுக்கு ஒதுக்கிவைக்க இவ்வளவு இலகுவான வழியை வேறு மென்பொருளில் நான் கண்டதில்லை.

முன்னால் உள்ள, இன்னும் எழுதப்படாத காட்சிகளுக்கு அட்டை போடும்போது எவ்வளவு எழுதுவது என்பது அடுத்த கேள்வி. இதில் மென்பொருள் நமக்கு எந்த வழிகாட்டுதலும் தருவதில்லை. அட்டையில் ஒரு சொல்லும் எழுதலாம், ஒரு பக்கமும் எழுதலாம். ஒரு பக்கம் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவே வினை. என் பரிந்துரை, அட்டையில் நிகழ்வை எழுதாமல் கேள்வியை எழுதுவது. "அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள்" என்று எழுதினால் அந்தக் காட்சியை எழுதும் நாளில் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. "கடிதம் அக்காவின் கைக்கு எப்படிப் போகிறது, அது அவளுக்குத் தெரிந்ததை அம்மா அறிவாளா?" என்று எழுதினால், திசை தெரியும், வழி தெரியாது. கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்திக்கொள்ளுமாறு ஹெமிங்வே 1935-இல் 'எஸ்குயர்' இதழில் ஓர் இளம் எழுத்தாளருக்குச் சொன்ன யோசனை பலருக்கும் தெரிந்திருக்கும். ஸ்க்ரிவனரில் அதை நடைமுறைப்படுத்துவது எளிது: எழுந்துகொள்வதற்கு முன் அடுத்த துண்டைத் திறந்து, அதன் அட்டையில் ஒரு கேள்வியையும், எழுத்துப் பகுதியில் முடிக்காத ஒரு வாக்கியத்தையும் விட்டுவிட்டு மூடிவிடலாம். மறுநாள் திறக்கும்போது மென்பொருள் விட்ட இடத்திலேயே திறந்துகொள்ளும்.

அட்டைப் பலகையின் பரம்பரை கணினிக்கு முந்தையது. நபோகோவ் தம் நாவல்களை அட்டைகளில் எழுதினார் என்பதும், அவர் முடிக்காமல் விட்ட கடைசி நாவல் 138 அட்டைகளாகவே எஞ்சி, அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 2009-இல் அந்த அட்டைகளின் படங்களோடு வெளிவந்தது என்பதும் பதிவானவை. அட்டையில் எழுதுவதன் இலாபம், முதலிலிருந்து கடைசி வரை என்ற கட்டாயம் போய்விடுவதே. இன்று எந்தக் காட்சி மனத்தில் கொதிக்கிறதோ அதை இன்று எழுதிவிட்டு, அது எங்கே பொருந்தும் என்பதை வேறொரு நாள் முடிவு செய்யலாம். உந்துதலைக் காப்பாற்றுவதற்கு இதைவிடப் பெரிய உத்தி இல்லை. ஸ்க்ரிவனர் இதற்கு முழுமையாக இடம் கொடுக்கிறது. துண்டு துண்டாக எழுதியவற்றை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் 'ஸ்க்ரிவனிங்ஸ்' என்ற காட்சிமுறையில் அவை ஒரே நீண்ட எழுத்தாகத் தொடர்ந்து தெரியும். இரண்டு காட்சிகளுக்கு இடையிலான தையல் எங்கே பிரிந்து நிற்கிறது என்பதை அப்படி வாசிக்கும்போதுதான் கண்டுகொள்ள முடியும்.

மூன்றாம் பதிப்பில் வந்த ஒரு பலகை அமைப்பு, பல பாத்திரங்களின் பார்வையில் நகரும் கதைகளுக்கு மிகவும் உதவுகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் யாருடைய பார்வை என்று ஒரு வண்ணப் பெயர் ('லேபிள்') கொடுத்திருந்தால், அட்டைகள் அந்தந்த வண்ணக் கோட்டின் மீது, கதை வரிசையில், தனித்தனித் தடங்களாக அடுக்கப்படும். தங்கையின் தடத்தில் நெடுந்தூரம் ஒரே வெற்றிடமாக இருந்தால், அவள் கதையிலிருந்து காணாமல் போய்விட்டாள் என்று பொருள். அட்டையை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு இழுத்தால் பார்வையே மாறிவிடும், அதாவது அந்தக் காட்சியின் வண்ணப் பெயர் மாறிவிடும். எழுத்தை நாம்தான் மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வழக்கமான பலகையில் ஒரு கோப்புறையைத் திறந்தால் அதன் நேரடி அட்டைகள் மட்டுமே தெரியும். உள்கோப்புறைகளில் இருப்பவை அட்டைக் கட்டுகளாக மூடிக் கிடக்கும். நூறு காட்சிகள் கொண்ட கதையை ஒரே பார்வையில் காண எந்தக் கணினித் திரைக்கும் அகலம் போதாது. ஃபாக்னர் தம் நாவல் ஒன்றின் ஒரு வாரக் கதையை நாள்வாரியாகத் தம் வீட்டு எழுத்தறையின் சுவரிலேயே எழுதிவைத்தார். மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ரோவன் ஓக் என்ற அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம். கண்ணைத் திருப்பினாலே முழுக் கதையும் தெரிகிற அந்த வசதி இந்த மென்பொருளில் கிடையாது. கதையின் மொத்த உருவத்தை அடிக்கடி பார்க்க விரும்புவோர் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டிக்கொள்வதே நல்லது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

'அவுட்லைனர்' என்ற அட்டவணைக் காட்சி இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. அதில் எல்லா நிலைகளும் விரிந்து, தலைப்பு, சுருக்கம், நிலை, சொல் எண்ணிக்கை முதலியவை நெடுவரிசைப் பத்திகளாக நிற்கும். இவற்றுள் நான் மிகவும் மதிப்பது சொல் எண்ணிக்கைப் பத்தியைத்தான். முதல் பாகத்தின் காட்சிகள் ஒவ்வொன்றும் இரண்டாயிரம் சொற்களாகவும் கடைசிப் பாகத்தின் காட்சிகள் அறுநூறாகவும் இருந்தால், எழுதியவர் முடிவை நோக்கி ஓடியிருக்கிறார் என்பது வாசித்துப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது. அதே சமயம் இந்த எண்ணிக்கையை அன்றாட இலக்காகக் கொள்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மென்பொருள் இடைவெளியை வைத்தே சொற்களை எண்ணுகிறது. "போய்க்கொண்டிருந்தான்" என்று சேர்த்து எழுதுபவருக்கு ஒன்று, "போய்க் கொண்டு இருந்தான்" என்று பிரித்து எழுதுபவருக்கு மூன்று. ஆங்கில நாவல்களுக்குச் சொல்லப்படும் இலக்குகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து மனம் சோர்வதில் பொருளில்லை.

நமக்கு வேண்டிய பத்திகளை நாமே சேர்த்துக்கொள்ளவும் அவுட்லைனர் அனுமதிக்கிறது. காட்சி நிகழும் இடம், நாள், வானிலை, யாரிடம் சாவி இருக்கிறது என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். ஒவ்வொரு பத்தியும் ஒவ்வொரு காட்சிக்கும் நிரப்பப்பட வேண்டிய ஒரு கட்டம். எட்டுப் பத்திகள், நூறு காட்சிகள் என்றால் எண்ணூறு கட்டங்கள். அவற்றை நிரப்புவது எழுதுவது போன்ற திருப்தியைத் தரும், எழுத்து ஒரு வரியும் நகர்ந்திருக்காது. கூடவே வரும் பாத்திர விவரப் படிவங்களும் வண்ணக் குறிகளும் பைண்டருக்கான சிறு படங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. கண்ணின் நிறம் முதல் சிறு வயது அச்சம் வரை கேட்கும் படிவத்தை நிரப்பிய பிறகும் அந்தப் பாத்திரம் எப்படிப் பேசும் என்பது தெரிவதில்லை. ஒரு பக்கம் உரையாடல் எழுதினால் தெரிந்துவிடுகிறது. முதல் வரைவு முடியும் வரை, பார்வை யாருடையது என்ற ஒரே வண்ணப் பெயரைத் தவிர வேறெதையும் தொடாமல் இருப்பதே மேல்.

ஒரு கிளைக்கதையை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்போது 'கலெக்‌ஷன்' என்ற வசதி கைகொடுக்கிறது. பைண்டரின் வரிசையைக் கலைக்காமல், வேண்டிய காட்சிகளை மட்டும் ஒரு தனிப் பட்டியலாக்கி வாசிக்கலாம். ஒரு தேடலின் விளைவையே அப்படிச் சேமித்துவைத்தால், புதிதாக எழுதப்படும் காட்சிகளும் பட்டியலில் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இதில் தமிழுக்கென்று ஒரு நுணுக்கம் உண்டு. 'சிதம்பரம்' என்று தேடினால் 'சிதம்பரத்திடம்' அகப்படாது. 'கண்ணன்' என்று தேடினால் இறுதிப் புள்ளி தடுப்பதால் 'கண்ணனை' அகப்படாது. பெயரின் இறுதி எழுத்தை விட்டுவிட்டு 'சிதம்பர', 'கண்ண' என்று முழுச் சொல் நிபந்தனையில்லாமல் தேடினால் வேற்றுமை உருபேற்ற வடிவங்களும் வந்துவிடும். சில வேண்டாத சொற்களும் கூடவே வரும். கண்ணனைத் தேடியவருக்குக் கண்ணம்மாவும் வந்துவிடுவாள்.

பொதுவாகத் தமிழ் எழுத்து ஒருங்குறியில் எவ்விதத் தொல்லையும் இல்லாமல் இயங்குகிறது. நல்ல தமிழ் எழுத்துருவை ஆரம்பத்திலேயே அமைப்பில் நிரந்தரமாக்கிவிட்டால் பிறகு கவலையில்லை. மென்பொருளின் பட்டிகளும் கையேடும் தமிழில் இல்லை என்பது குறைதான்; மேற்சொன்ன நாலைந்து கட்டளைகளைப் பழகிக்கொண்டால் அது பெரிய தடையாக இருப்பதில்லை.

திருத்தத்துக்கு முன் ஒரு காட்சியின் அப்போதைய வடிவத்தைப் பத்திரப்படுத்தும் 'ஸ்னாப்ஷாட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; பழைய வடிவம் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் துணிந்து வெட்டலாம். முடிந்த கதையை வேர்டு, பிடிஎஃப், இபப் வடிவங்களுக்கு மாற்றும் 'கம்பைல்' பகுதி சிக்கலானது, பொறுமையைச் சோதிப்பது. கதை முடிவதற்கு முன் அதைத் திறக்கவே தேவையில்லை என்பது ஆறுதல்.

கருவிகளுக்கு இடையே மாறி மாறி எழுதுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆண்ட்ராய்டுக்கு ஸ்க்ரிவனர் கிடையாது. ஐபோன், ஐபேடு பதிப்புகள் கணினியுடன் டிராப்பாக்ஸ் வழியாக ஒத்திசைகின்றன. மேக்கில் வெளிப்பார்வைக்கு ஒரே கோப்பாகத் தோன்றும் கதை, உண்மையில் பல சிறு கோப்புகள் அடங்கிய கோப்புறையாக இருப்பதால், ஒத்திசைவு முழுமையடையும் முன் இன்னொரு கருவியில் திறந்தால் குழப்பம் நேரலாம். ஒரு கருவியில் மூடி, ஒத்திசைவு முடிந்ததை உறுதிசெய்த பிறகே அடுத்ததில் திறக்க வேண்டும். பேருந்தில் நின்றுகொண்டே கைப்பேசியில் இரண்டு பத்தி எழுதிவிடும் பழக்கமுள்ள ஆண்ட்ராய்டு பயனருக்கு இந்த மென்பொருள் பொருந்தாது. அவர் குறிப்புச் செயலியில் எழுதிப் பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சிறுகதைக்கும் ஒரே தடத்தில் நேராகச் செல்லும் குறுநாவலுக்கும் இது தேவையில்லை. வேர்டில் தலைப்புகளை முறையாக அமைத்தால் பக்கவாட்டுப் பட்டியலிலேயே பகுதிகளை இழுத்து நகர்த்த முடியும். பணம் செலுத்தாமல் இதே முறையைப் பழகிப் பார்க்க, நாவலாசிரியர் சைமன் ஹேன்ஸ் விண்டோஸுக்காக உருவாக்கிய ஒய்ரைட்டரும், திறமூல மென்பொருளான மனுஸ்க்ரிப்டும் உள்ளன. ஒய்ரைட்டர் அத்தியாயம், காட்சி என்ற பிரிவில் உறுதியானது, ஆனால் எழுதியதைப் போகிற போக்கில் வெட்டும் சுகம் அதில் குறைவு. மனுஸ்க்ரிப்ட் ஒரு வாக்கியத்திலிருந்து படிப்படியாகக் கதையை விரித்துச் செல்லும் முறைக்கு வழிகாட்டுகிறது. முன்திட்டத்தில் ஊக்கம் பெறுவோருக்கு அது ஏற்றது, திட்டத்தில் ஊக்கத்தை இழப்போருக்கு ஏற்றதன்று.

ஸ்க்ரிவனரின் இலவசச் சோதனைக் காலம் 30 நாட்கள். அவை நாட்காட்டி நாட்கள் அல்ல, மென்பொருளைத் திறந்த நாட்கள் மட்டுமே கணக்கில் வரும். வாரம் இரண்டு நாள் எழுதுபவருக்கு அது 15 வாரம் ஓடும். அந்தக் காலத்தைப் புதிய கதையோடு தொடங்காமல், நடுவில் நின்றுபோன ஒரு பழைய கதையை உள்ளே கொண்டுவந்து, காட்சி மாறும் இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி எழுதி, அட்டைகளாகப் பரப்பிப் பார்ப்பதற்குச் செலவிடுமாறு பரிந்துரைக்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்பது முதல் சில அமர்வுகளிலேயே தெரிந்துவிடும்.